ஒட்டியும் வெட்டியும்: விவாத மேடையில் வாய்மை

யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலைகளில் விவாதப் போட்டிக்கெனத் தனி மதிப்பொன்று உண்டு. பேச்சுப் போட்டியில் வென்ற மாணவனை ஊர் பாராட்டும். விவாதத்தில் வென்ற அணியையோ நெடுநாள் நினைவில் வைத்திருக்கும். தமிழ்மொழித் தினப் போட்டிகளாயினும், கல்லூரிகளுக்கிடையே நிகழும் சுற்றுப் போட்டிகளாயினும், இறுதிச் சுற்றுக்குரிய பரபரப்பு வேறெந்த மேடை நிகழ்ச்சிக்கும் வாய்ப்பதில்லை. ஒரு தலைப்பு; இரண்டு அணிகள்; ஓரணி தலைப்பை ஒட்டிப் பேசும், மற்றையது வெட்டிப் பேசும். எவ்வணி எப்பக்கம் நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது பேசுவோரின் கொள்கையன்று. பெரும்பாலும் சுண்டிவிடப்பட்ட ஒரு நாணயமோ குலுக்கி எடுக்கப்பட்ட ஒரு சீட்டோ ஆகும். அதன் பின்னர் உயர்தர வகுப்பு மாணவனொருவன் எழுந்து, தான் நிற்கும் பக்கமே நீதியின் பக்கம் என்று உள்ளம் உருகப் பேசுகின்றான். அவை கரகோஷம் செய்கின்றது. நாணயம் மறுபுறமாக விழுந்திருப்பின், அதே மாணவன் அதே உருக்கத்தோடு எதிர்ப்பக்கத்தையும் நிலைநாட்டியிருப்பான். அவ்வாறாயின் அவன் பேசியது வாய்மையா, பொய்ம்மையா? தான் நம்பாத ஒன்றை நம்புவான் போல எடுத்துரைக்கப் பிள்ளைகளைப் பழக்குதல் அறமாகுமா?

இவ்வினா எளிதில் தள்ளிவிடத்தக்கதன்று. ஒருவன் தன் உள்ளம் பொய்யென அறிந்ததைக் கூறலாகாது என்றும், கூறின் பின்னர் அவ்வுள்ளமே அவனை வருத்தும் என்றும் வள்ளுவர் வாய்மை அதிகாரத்தில் அறிவுறுத்துகின்றார். விவாத மேடையோ நெஞ்சையும் நாவையும் வேறுபிரிக்கும் பயிற்சியாகவே வெளித்தோற்றத்திற் காணப்படுகின்றது. மேலும், யாழ்ப்பாணச் சமூகத்தில் மேடைப் பயிற்சி மேடையோடு முடிவதில்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன், ஜீ. ஜீ. பொன்னம்பலம், எஸ். ஜே. வி. செல்வநாயகம் என இலங்கைத் தமிழர் அரசியலை வழிநடத்தியோர் பலர் சட்டத்தரணிகள். வாதத் திறனே தலைமைக்குரிய தகுதியாக நெடுங்காலம் கொள்ளப்பட்டு வந்த ஒரு சமூகத்தில், அத்திறன் எத்தகைய மனப்பாங்கோடு பயிற்றப்படுகின்றது என்பது பாடசாலைகளுக்கு மட்டும் உரிய சிறு விடயமாகாது.

இவ்வையம் தமிழர்க்கு மாத்திரம் உரியதுமன்று. கி.மு. 155ஆம் ஆண்டில் ஏதென்சு நகரத்தின் தூதராக உரோமாபுரிக்குச் சென்ற கார்னியாடிசு என்னும் மெய்யியலாளர், ஒருநாள் நீதியை ஆதரித்தும் மறுநாள் அதனை மறுத்தும் உரையாற்றினார் என்பது வரலாறு. உரோம இளைஞர் அதில் மயங்கினர். மூதறிஞர் கேற்றோவோ, இத்தூதரின் அலுவலை விரைந்து முடித்து அவர்களை ஊருக்கு அனுப்பிவிடவேண்டும் என வற்புறுத்தினார். அதனையொத்த அச்சம் அண்மைக் காலத்தில் அமெரிக்காவிலும் எழுந்தது. அங்கு உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் நடைபெறும் கொள்கை விவாதத்தில், ஓராண்டு முழுவதற்கும் அரசின் கொள்கை பற்றிய ஒரே தலைப்பு வகுக்கப்படும். ஒவ்வோர் அணியும் ஒரு சுற்றில் அதனை ஆதரித்தும் மறு சுற்றில் எதிர்த்தும் பேசவேண்டும். 1954ஆம் ஆண்டிற் கல்லூரிகளுக்கு வகுக்கப்பட்ட தலைப்பு, பொதுவுடைமைச் சீனத்தின் அரசை அமெரிக்கா அங்கீகரிக்கவேண்டும் என்பதாகும். இராணுவ, கடற்படைக் கல்லூரிகள் தம் மாணவர் அத்தலைப்பை விவாதிப்பதற்கு இடமளிக்க மறுத்தன. அதனைத் தொடர்ந்து, இரு பக்கமும் பேசுதல் ஒழுக்கத்துக்கு உகந்ததா என்ற கேள்வி விவாத ஆசிரியரிடையே பெரும் சர்ச்சையாயிற்று. நம்பிக்கையின்றிப் பேசுதல் மேடையை விலைப்படுத்துவதாகும் என்றனர் ஒரு சாரார். இரு பக்கமும் ஆராயாத நம்பிக்கை நம்பிக்கையே அன்று என்றனர் மறு சாரார்.

இவ்வையத்திற்கு வழக்கமாகக் கூறப்படும் விடை ஒன்றுண்டு. பொய் என்பது பிறரை ஏமாற்றும் எண்ணத்தோடு கூறப்படுவது; விவாத அரங்கிலோ பக்கம் சீட்டினால் அமைந்தது என்பதை அவையோர் அனைவரும் அறிவர்; கூத்தில் இராவணனாக வேடம் புனைந்தவன் பொய்யன் ஆகாதவாறு விவாதிப்பவனும் பொய்யன் ஆகான் என்பதே அவ்விடை. இதில் உண்மை உண்டு. ஆயினும் இது முழுமையான விடையன்று. கூத்தன் அவையோரை இராவணன் பக்கம் சேருமாறு வேண்டுவதில்லை. விவாதிப்பவனோ கேட்போர் உள்ளத்தை மாற்ற முயல்கின்றான். அவன் கூறும் செய்திகள் கற்பனைகளல்ல; உலகத்து உண்மைகளாகவே அவை முன் வைக்கப்படுகின்றன. ஆகவே, வாய்மைக் கடப்பாட்டினின்று அவனை முற்றாக விடுவித்தல் இயலாது. அக்கடப்பாடு யாரை நோக்கியது, எதனை நோக்கியது என்பதையே தெளியவேண்டும்.

இத்தெளிவுக்குத் தமிழரின் பழைய தருக்க மரபு பெரிதும் துணைசெய்கின்றது. நூலாசிரியர்க்குரிய மதங்கள் ஏழெனத் தொகுக்கும் நன்னூல், பிறருடைய கருத்தை முதலில் ஏற்றுக்கொண்டு பின்னர்க் களைதலை அவற்றுள் ஒன்றாக வைத்தெண்ணுகின்றது. அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் பரபக்கம், சுபக்கம் என இரு பகுதிகளை உடையது. தம் சித்தாந்தத்தை நிறுவுமுன், உலகாயதம் முதலாகப் பாஞ்சராத்திரம் ஈறாகப் பதினான்கு கொள்கைகளை அவர் பரபக்கத்தில் எடுத்துக்கொள்கின்றார். ஒவ்வொன்றிலும் அக்கொள்கையினர் கூற்று முதலில் வருகின்றது. மறுப்பு அதன் பின்னரே வருகின்றது. உலகாயதன் கூற்றை உரைக்கும் செய்யுள்களை இயற்றும்போது அருணந்தியார் உலகாயதரல்லர். எனினும் அச்செய்யுள்கள் பொய்யெனக் கொள்ளப்பட்டதில்லை. நம்பாததை எடுத்துரைத்தலை அம்மரபு குற்றமாகக் கருதவில்லை. மறுக்கத் துணிந்தவனுக்கு அதனை ஒரு கடமையாகவே விதித்தது.

அக்கடமையின் பயனுக்கு நீலகேசி தக்க சான்றாகும். ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி முழுமையாகக் கிடைத்திலது. சில செய்யுள்களே எஞ்சியுள்ளன. அப்பௌத்த காப்பியத்தின் கருத்துகளுள் இன்று அறியக்கிடைப்பவற்றிற் கணிசமானவை, அதனை மறுக்கவென எழுந்த சமண நூலாகிய நீலகேசி வழியாகவும் அதன் உரை வழியாகவும் கிடைத்தவையே. அழிந்துபோன ஒரு வாதத்தை அதன் எதிரியின் மறுப்பு காத்துத் தந்துள்ளது. எதிராளியின் கூற்றை மறுப்பவன் அறிந்தோ அறியாமலோ அதன் காவலனுமாகின்றான்.

நியாய நூலார் வாதத்தை மூவகையாக வகுத்தனர். உண்மை காணும் நோக்கோடு இருவர் உரையாடுவது வாதம். வெற்றி ஒன்றையே குறித்து உரையாடுவது செற்பம். தனக்கென நிலைப்பாடு எதுவுமின்றிப் பிறர் கூற்றைக் குலைப்பதே தொழிலாகக் கொள்வது விதண்டை. பின்னிரண்டிலும் கையாளப்படும் கருவிகளுள் ஒன்றுக்குச் சலம் என்று பெயர். எதிராளி ஒரு பொருளிற் கூறிய சொல்லுக்கு வேறொரு பொருளை வலிந்து ஏற்றி அவனை மடக்குதலே சலமாகும். இதற்கு அந்நூலார் காட்டும் எடுத்துக்காட்டு சுவையானது. ஒருவன் நவகம்பளம் உடையவன் என்று கூறப்படுகின்றது. கூறியவன் கருதியது புதிய கம்பளம். கேட்டவனோ, நவம் என்ற வடசொல்லுக்கு ஒன்பது என்ற பொருளும் உண்மையைப் பற்றிக்கொண்டு, அவனிடம் இருப்பது ஒரு கம்பளமேயன்றி ஒன்பதல்லவே என்று நகைக்கின்றான். அவை சிரிக்கின்றது, ஆனால் மறுக்கப்பட்டது எவருமே கூறாத ஒன்று.

பாடசாலை விவாதங்களில் இச்சலத்திற்குக் குறைவில்லை. எதிரணித் தலைவன் நிபந்தனையோடு கூறியதை நிபந்தனை நீக்கி மறுத்தல், அவன் எடுத்துக்காட்டாகக் காட்டியதையே அவனது கொள்கையாகத் திரித்தல், அவன் வாய் தவறிய ஒரு சொல்லை வைத்து முழு உரையையும் எள்ளுதல் ஆகியவற்றுக்குக் கைதட்டல் எளிதிற் கிடைக்கின்றது. விவாத மேடையின் உண்மையான பொய்ம்மை இங்கேதான் உள்ளது. சீட்டு விழுந்த பக்கத்தைப் பேசுபவன் எவரையும் ஏமாற்றவில்லை; அவ்வேற்பாட்டை அவை அறியும். எதிராளி சொல்லாததைச் சொன்னதாகக் காட்டுபவனோ, அவை அறியாத வகையில் அதனை ஏமாற்றுகின்றான். ஆகவே, விவாதிப்பவனின் வாய்மை முதன்மையாகத் தன் நெஞ்சின் நம்பிக்கையோடு பேணப்படுவதன்று. எதிராளியின் சொல்லோடும் உலகத்துச் செய்திகளோடும் பேணப்படுவதாகும். எடுத்துக்கொண்ட பக்கம் கடனாகப் பெற்றதாயிருக்கலாம். காட்டும் சான்றும் மறுக்கும் கூற்றும் கலப்பற்றவையாக இருத்தல் வேண்டும்.

எதிர்ப்பக்கத்தை உள்ளிருந்து அறிதலின் வலிமைக்கு யாழ்ப்பாண வரலாறு ஆறுமுக நாவலரைத் தருகின்றது. வெஸ்லியன் மிஷனின் பாடசாலையிற் கற்று, அங்கேயே ஆசிரியராகிய அவர், பீற்றர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலியத்தைத் தமிழாக்கும் பணியிற் பல ஆண்டுகள் துணைநின்றார். தாம் ஏற்காத ஒரு சமயத்தின் வேதத்தை இயன்றவரை நல்ல தமிழிற் பெயர்க்க உழைத்தவர் சைவராகவே இருந்தார். 1847 டிசெம்பர் 31ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் பிரசங்கத்தைத் தொடங்கி, 1848இல் சைவப் பாடசாலை நிறுவி, 1854இல் சைவதூஷண பரிகாரத்தை வெளியிட்டபோது, அம்மொழிபெயர்ப்புப் பணியே அவருக்குக் கருவியாயிற்று. பாதிரிமார் பழித்த சைவக் கிரியைகளுக்கு ஒப்பானவை அவர்தம் வேதத்திலேயே உள்ளன என்பதை அவர் அவ்வேதத்தின் இடங்களைக் கொண்டே காட்டினார். நாவலரின் கண்டன எழுத்திற் கடுமை உண்டு என்பதை அவரைப் போற்றுவோரும் மறுப்பதில்லை. ஆனால் அக்கடுமை வாதத்திற்கு வலிமை தரவில்லை. எதிராளியின் நூலை எதிராளிக்கு நிகராக அறிந்திருந்தமையே வலிமை தந்தது.

பழைய சமய வாதங்களைப் போலவே இக்காலத்துக் கொள்கை விவாதத்திற்கும் இவ்வுண்மை பொருந்துமா என்பதை, யாழ்ப்பாணத்தார் உள்ளத்தை மிக ஆழமாகத் தொட்ட ஒரு விடயத்தை வைத்துச் சோதித்தல் தகும். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்ட ஒதுக்கீடு நீதியானது என்பதை ஓர் இறுதிச் சுற்றின் தலைப்பாகக் கொள்வோம். சீட்டு, யாழ்ப்பாணத்து அணியொன்றை ஒட்டிப் பேசுமாறு பணிக்கின்றது என்றும் வைத்துக்கொள்வோம். அம்மாணவரின் பெற்றோர் தலைமுறை தரப்படுத்தல் என்னும் சொல்லை ஒரு காயத்தின் பெயராகவே அறிந்திருந்தது. அக்கொள்கைக்காகப் பேசுதல் துரோகம் போலத் தோன்றுதல் இயல்பு.

ஆயினும் பேசவேண்டியிருப்பதால் அம்மாணவர் தேடுகின்றனர். தேடும்போது, ஒரே சொல்லுள் இரண்டு வெவ்வேறு கொள்கைகள் அடங்கிக் கிடப்பதைக் காண்கின்றனர். முதலாவது, மொழி அடிப்படையிலானது. 1970/71 கல்வியாண்டில் மருத்துவத் துறை அனுமதிக்குச் சிங்கள மொழி மூல மாணவர் 229 புள்ளிகளும் தமிழ் மொழி மூல மாணவர் 250 புள்ளிகளும் பெறவேண்டியிருந்தது. ஒரே பரீட்சையை எழுதிய இருவரை அவர்கள் எழுதிய மொழி கொண்டு வேறுபடுத்திய இவ்வேற்பாட்டுக்கு நியாயம் கற்பித்தல் அரிது. இரண்டாவது, 1974இல் நடைமுறைக்கு வந்த மாவட்ட அடிப்படையிலானது. இது யாழ்ப்பாண மாணவர் பலரின் வாய்ப்பைக் குறைத்தது உண்மை. அதே வேளையில், ஆய்வுகூடமும் பயிற்றப்பட்ட விஞ்ஞான ஆசிரியரும் அருகியிருந்த மன்னார், வவுனியா, மட்டக்களப்பு போன்ற மாவட்டங்களின் தமிழ் பேசும் மாணவர்க்கு அது ஒரு வாயிலைத் திறந்தது. மிஷன் கல்லூரிகளாலும் இந்துக் கல்லூரிகளாலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வளம்பெற்ற குடாநாட்டு மாணவனும், மழைக்கு ஒழுகும் கொட்டகையில் இரசாயனம் கற்ற வன்னி மாணவனும் ஒரே புள்ளியால் அளக்கப்படுதல் சமநீதியா என்ற கேள்வி அவர்கள் முன் எழுகின்றது. பெரும்பாலான கற்கைநெறிகளுக்கு 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என இன்று அமைந்துள்ள ஒழுங்கின் பின்னாலும் இக்கேள்வியே நிற்கின்றது.

இத்தேடலின் முடிவில் அம்மாணவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவேண்டும் என்பதில்லை. மாவட்ட ஒதுக்கீடும் பிழையானதே என்ற முடிவுக்கே அவர்கள் திரும்பலாம். பின்தங்கிய பாடசாலைகளை உயர்த்தாமல் அனுமதிப் புள்ளியை மட்டும் தாழ்த்துதல் நோயை விட்டு அறிகுறிக்கு மருந்திடுவதாகும் என வாதிடலாம். ஆனால் அவர்களது மறுப்பு இப்போது முன்னைய மறுப்பன்று. எதனை வெறுக்கவேண்டும், எதனை ஆராயவேண்டும் என்பதைப் பிரித்தறிந்த மறுப்பு அது. தம் மனக்குறையின் அருகிலேயே தம்மவரான வேறொருவரின் மனக்குறையும் இருப்பதைக் கண்டபின் எழும் மறுப்பு அது. தாம் விரும்பிய பக்கத்தையே என்றும் பேசியிருந்தால் இது கிட்டியிராது. நம்பாத பக்கத்தைப் பேசுதல் இங்கு நெஞ்சைக் கெடுக்கவில்லை. நெஞ்சுக்குக் கண் தந்தது.

அவ்வாறாயின் எதனையும் தலைப்பாக்கலாமா? ஆகாது. 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளுக்கு வகுப்பறையிற் சம ஆசனம் வழங்குவதா என்பது யாழ்ப்பாணத்தில் உண்மையாகவே வாதத்திற்குரிய பொருளாய் இருந்தது. 1957ஆம் ஆண்டிற் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் ஆலயப் பிரவேசப் போராட்டம் நிகழவேண்டியிருந்தது. இன்று ஒரு மாணவனை எழுப்பி, இன்ன பிறப்பினர் கோயிலுட் புகலாகாது என்ற பக்கத்தைப் பேசுக என்றால், அவன் பேசும் மண்டபத்திலேயே அப்பிறப்பினராகச் சுட்டப்படும் பிள்ளையும் அமர்ந்திருப்பான். தன் மனிதத் தன்மை ஒரு நாணயத்தின் இரு புறங்களுள் ஒன்றாக ஆக்கப்பட்டதை அவன் காண்பான். தீமை பயவாத சொல்லே வாய்மை என்ற வள்ளுவரின் வரையறை இங்கு எல்லைக்கல்லாகின்றது. ஒருவர் மனிதரா என்பது விவாதத்திற்கு உரியதன்று. மனிதர் அனைவருக்கும் உரியதை எவ்வழியிற் கிடைக்கச் செய்வது என்பதே விவாதத்திற்கு உரியது. கொள்கை விவாதம் என்னும் பெயருக்கும் அதுவே பொருள். தலைப்பு அமைப்போர் இவ்வேறுபாட்டை மறப்பாராயின், பேசுவோரின் நேர்மை எதுவும் அவ்வரங்கைக் காப்பாற்றாது.

மற்றுமோர் ஆபத்தும் உண்டு. எப்பக்கத்தையும் வெல்லத்தக்கதாகப் பேசிப் பழகியவன், எப்பக்கமும் வெல்லத்தக்கதே. ஆதலால் எதுவும் உண்மையன்று என்ற ஏளனத்திற்கு ஆளாகலாம். விதண்டையின் பிறப்பிடம் இதுவே. மணிமேகலை இவ்வகையில் ஒரு வழிகாட்டுகின்றாள். வஞ்சி நகரிற் சமயக்கணக்கர் ஒவ்வொருவரையும் அணுகி அவரவர் கொள்கையை அவரவர் வாயாலேயே கேட்கின்றாள். ஆயினும் அவள் கேட்டவற்றோடு நின்றுவிடவில்லை. காஞ்சியில் அறவண அடிகளிடம் பக்கம், ஏது, திட்டாந்தம் என்னும் அளவை உறுப்புகளையும் அவற்றின் போலிகளையும் கற்றுத் தெளிந்து, தனக்குரிய நெறியைத் தேர்ந்துகொள்கின்றாள். கேட்டலுக்கு முடிவு தேர்தல். மேடையிலிருந்து இறங்கிய மாணவனிடம், நாணயமும் மணியும் இல்லாத வேளையில், நீ எதனை ஏற்கின்றாய் என்று வினவும் ஆசிரியர் ஒருவர் இருத்தல் வேண்டும். அவ்வினா கேட்கப்படாத பாடசாலையில் விவாதப் பயிற்சி பாதியிலேயே நின்றுவிடுகின்றது.

இவையெல்லாம் போட்டி விதிகளைப் பற்றிய நுணுக்கங்களாக மட்டும் தோன்றலாம். யாழ்ப்பாணத்தின் அண்மை வரலாறு அவ்வாறு எண்ண இடந்தருவதில்லை. மறுபக்கத்தை எடுத்துரைத்தவன் மறுபக்கத்தவனாகவே கொள்ளப்பட்ட காலமொன்று அங்கு இருந்தது. கேள்வி எழுப்புதலும் காட்டிக்கொடுத்தலும் ஒன்றெனக் கருதப்பட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவரும், எல்லாத் தரப்பினரின் வன்முறைகளையும் பதிவுசெய்த முறிந்த பனை என்னும் நூலின் ஆசிரியருள் ஒருவருமான ராஜினி திராணகம 1989 செப்ரெம்பர் 21ஆம் நாள் திருநெல்வேலியிற் சுட்டுக் கொல்லப்பட்டார். பேசாமை பாதுகாப்பாயிற்று, சமூகம் தன் பரபக்கத்தை இழந்தது. ஒரு கருத்தை எடுத்துரைப்பதற்கும் அதற்கு ஆட்படுவதற்கும் இடையே உள்ள வேறுபாட்டை ஒரு சமூகம் மறக்கும்போது, தன் பிழையைத் தானே காணும் ஆற்றலையும் அது இழக்கின்றது. பாடசாலை விவாத மேடை அவ்வேறுபாட்டை ஆண்டுதோறும் பிள்ளைகளுக்கு நினைவூட்டுகின்றது. எதிர்ப்பக்கம் பேசியவனோடு போட்டி முடிந்ததும் கைகுலுக்கித் தேநீர் அருந்தும் வழக்கம், தோற்றத்திற் சிறிதாயினும் பொருளிற் பெரியது.

இதனாலேயே நடுவரின் பொறுப்பும் கனமாகின்றது. பட்டிமன்றத்தில் நடுவர் பொருளையே தீர்க்கின்றார்; எப்பக்கம் உண்மை என்று கூறுவதே அவர் பணி. விவாதப் போட்டியிலோ எவ்வணி செவ்வனே வாதிட்டது என்பதே தீர்ப்பு. இவ்விரண்டும் மயங்குவதால், வென்ற அணியின் பக்கமே உண்மையின் பக்கம் என்ற எண்ணத்தோடு அவை கலைந்து செல்வதுண்டு. தீர்ப்பு எதனைத் தீர்க்கின்றது, எதனைத் தீர்க்கவில்லை என்பதை நடுவர் வெளிப்படையாகக் கூறவேண்டும். பொருள், மொழிநடை, பேசும் முறை ஆகியவற்றுக்குப் புள்ளி வழங்குமிடத்து, எதிராளியின் கூற்றைத் திரிபின்றி எடுத்துரைத்தலுக்கும் தனிப்புள்ளி வழங்குதல் நன்று. மறுக்கத் தொடங்குமுன், நான் சொன்னதும் இதுவே என்று எதிராளி தலையசைக்கும் வண்ணம் அவன் கருத்தைக் கூறவல்ல மாணவனுக்கு அப்புள்ளி உரியது. சலத்தினாற் பெற்ற கைதட்டலுக்குப் புள்ளி குறைதல் வேண்டும். துலாக்கோலை நடுவுநிலைமைக்கு உவமையாக்கிய வள்ளுவரின் கருத்து, தட்டுகள் ஒழுங்காக இருப்பதோடு அவற்றில் இடப்படும் பொருளும் கலப்படமற்றிருத்தல் வேண்டும் என்பதையும் உட்கொண்டதாகும்.

ஆகவே, தான் நம்பாத பக்கத்தைப் பேசுதல் அறமாகுமா என்ற வினாவுக்கு விடை, அப்பக்கம் எவ்வாறு பேசப்படுகின்றது என்பதிலேயே தங்கியுள்ளது. எதிராளியை அவனது முழு வலிமையோடு அவை முன் நிறுத்திப் பின்னர் மறுப்பவன், எப்பக்கம் நின்றாலும் வாய்மையின் பக்கமே நிற்கின்றான். எதிராளியைச் சிறிதாக்கி வெல்பவன், தான் மனமார நம்பும் உண்மையைப் பேசும்போதும் பொய்யையே பயில்கின்றான். இறுதிச் சுற்றில் நாணயம் எப்புறம் விழவேண்டும் என்பது மாணவன் கையில் இல்லை. விழுந்த பின்னர் எவ்வாறு பேசுவது என்பது அவன் கையில் உள்ளது. அறமும் அங்கேயே தொடங்குகின்றது.